அம்மாவுக்கு வராத அழுகை ஒரு குதிரைக்கு வந்தது

கடிதத்தின் சுருக்கம்

எழுதியவருக்கு 44 வயது. மூன்று பிள்ளைகளில் மூத்தவர். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட அம்மாவை நான்கு வருடம் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். தங்கையும் தம்பியும் தொலைவில். போனில் விசாரிப்பதோடு அவர்கள் பங்கு முடிந்துவிடும். பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு பின்னிரவில், “நீ போய்க் கொஞ்சம் படு” என்று அம்மா குழறலாகச் சொல்லிக் கையை அசைத்திருக்கிறார். இவர் பக்கத்து அறையில் போய்ப் படுத்தார். நாற்பது நிமிடம் கழித்து எழுந்து வந்தபோது அம்மா இல்லை. அன்று இவருக்கு அழுகை வரவில்லை. பிறகும் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, தூக்கம் வராத ஓர் இரவில் மகளின் அலமாரியிலிருந்து ஒரு மாயக்கதை நாவலை எடுத்திருக்கிறார். அன்று தொடங்கி ஓராண்டில் 47 நாவல்கள். நடக்கும் மாளிகை, பேசும் மரம், பெயர் சொன்னால் பணியும் காற்று என்று பெரும்பாலும் இந்த வகைதான். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறார். அம்மாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் படிக்கிறாராம், கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கிறதாம். “நிஜத்தைப் பார்க்கப் பயந்து சின்னப் பிள்ளைக் கதைக்குள் ஒளிகிறாய்” என்கிறார் கணவர். வாசிப்புக் குழுவில் ஆண்டு இறுதிக்கு ஆளுக்குப் பத்துப் பிடித்த நாவல்கள் கேட்டிருக்கிறார்கள். இவர் போட்ட பட்டியலை எனக்கும் அனுப்பியிருக்கிறார், கொடுக்க வெட்கமாக இருக்கிறது என்கிறார்.

ஏழாம் பக்கத்தில் இன்னொன்று. ஒரு நாவலில் ஒரு குதிரை சதுப்பில் மூழ்கி இறக்கிறது. அதைப் படித்துவிட்டு இரவு இரண்டு மணிக்குக் குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதிருக்கிறார். “பெற்ற தாய்க்கு அழாதவள் இல்லாத குதிரைக்கு அழுதேன். நான் என்ன ஜென்மம் டாக்டர்?” என்று கேட்டு, அதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நான் மருத்துவர் இல்லை, மனநல ஆலோசகர். ‘டாக்டர்’ என்று நீங்கள் எழுதியதை மரியாதையாக எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை, மூன்றாம் பக்கத்தையும் ஏழாம் பக்கத்தையும் தனியே எடுத்து ஒன்றன் அருகில் ஒன்றாக மேசையில் வைத்துக்கொண்டேன். நடுவில் இருந்த மூன்று பக்கங்கள் இல்லாமல் படித்தால் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடுகிறது.

அந்தக் குதிரை வரும் நாவல் மிஹாயேல் எண்டே ஜெர்மன் மொழியில் எழுதிய ‘தி நெவர் எண்டிங் ஸ்டோரி’. 1979இல் வெளிவந்தது. 1984இல் வந்த படத்தைப் பார்த்தவர்களுக்கும் இந்தக் காட்சி மறக்காது. ஆனால் படத்தில் குதிரை பேசாது, அதில் ஏறி வந்த பையன்தான் கடிவாளத்தை இழுத்துக் கத்திக்கொண்டிருப்பான். நீங்கள் படித்த நாவலில் அது பேசும். துயரத்தின் சதுப்பில் கால் வைத்தவர்களுக்கு ஒவ்வொரு அடிக்கும் மனம் கனத்துக்கொண்டே போகும். பையன் கழுத்தில் ஒரு காப்பு தொங்குகிறது, அதனால் அவனை அந்தத் துயரம் ஒன்றும் செய்வதில்லை. குதிரைக்குக் காப்பு கிடையாது. கழுத்துவரை இறங்கியபின் அது பையனிடம் கடைசியாக ஒன்று கேட்கிறது: நீ போய்விடு, என் முடிவை நீ பார்க்க வேண்டாம். பையன் எழுந்து போகிறான்.

இப்போது உங்கள் மூன்றாம் பக்கத்துக்கு வாருங்கள். “நீ போய்க் கொஞ்சம் படு.”

உங்களை வளர்த்தவர் உங்களைப் போகச் சொன்னார், நீங்கள் போனீர்கள். அந்த நாற்பது நிமிடத்தைப் பதினான்கு மாதமாகக் குற்றப்பத்திரிகை போல வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கடிதத்தில் ‘நாற்பது நிமிடம்’ என்ற சொல் ஆறு இடத்தில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். அம்மா தன் நேரம் தெரிந்துதான் உங்களை அனுப்பினார் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வது ஆறுதலாக இருக்கும், ஆனால் அது எனக்குத் தெரிந்த செய்தி ஆகாது. எனக்குத் தெரிவது இவ்வளவு: பேச்சு குழறிய நிலையிலும் அவர் கண்ணுக்கு உங்கள் களைப்பு பட்டிருக்கிறது. பார்த்துக்கொள்பவர் ஒரு நிமிடம் நகர்ந்த நேரத்தில் உயிர் பிரிவது, கடைசிக் காலப் பராமரிப்பில் வேலை செய்பவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிற காட்சி. உங்கள் வீட்டில் மட்டும் நடந்த விபரீதம் இல்லை அது.

ஆகவே குளியலறையில் நீங்கள் அழுதது குதிரைக்காக என்று நான் நம்பவில்லை. குதிரைக்காகவும் கொஞ்சம் இருக்கலாம், நல்ல குதிரை அது.

நெருக்கமும் தூரமும்

‘அம்மாவுக்கு ஏன் நேராக அழ முடியவில்லை’ என்பதுதான் உங்களை அரிப்பது. தாமஸ் ஷெஃப் என்ற சமூகவியலாளர் 1979இல் எழுதிய ஒரு நூலில் அழுகைக்கும் தூரத்துக்கும் உள்ள உறவைப் பேசுகிறார். துக்கம் மிக அருகில் இருந்தால் மனம் மூழ்கிவிடுவோம் என்று பயந்து கதவைச் சாத்திக்கொள்கிறது. மிகத் தூரத்தில் இருந்தால் ஒன்றுமே உறைக்காது. இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அங்கே நின்றால் நீங்கள் அழவும் செய்வீர்கள், அழுகிற தன்னைப் பார்த்துக்கொண்டும் இருப்பீர்கள். நாடகமும் கதையும் அந்த இடத்தை அமைத்துக் கொடுக்கின்றன.

நான்கு வருடம் ஒருவரைத் திருப்பிப் படுக்க வைத்து, துடைத்து, மருந்து நேரம் பார்த்து வாழ்ந்தவருக்குத் துக்கம் மிக அருகில் இருந்தது. அழுதால் அடுத்த வேளை மருந்தை யார் கொடுப்பது? அழாமல் இருப்பதை உடம்பு ஒரு வேலையாகக் கற்றுக்கொண்டது, வேலை முடிந்த பிறகும் அதை விடவில்லை. சதுப்பும் குதிரையும் வந்து உங்களைச் சரியான தூரத்துக்கு நகர்த்தி வைத்தன.

இதில் நமக்குப் புதிதாக ஒன்றுமில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடு, அதாவது உடம்பில் தெரியும் உணர்ச்சி, எட்டு என்று எண்ணும்போது நகைக்கு, அதாவது சிரிப்புக்கு, அடுத்து அழுகையை வைக்கிறார். அது பிறக்கும் நான்கு இடங்களில் இழவும் ஒன்று. ஓரிடம் தள்ளி மருட்கை, அதாவது வியப்பு. இரண்டும் ஒரே பட்டியலில் உட்கார்ந்திருக்கின்றன. மாயத்தைக் கண்டு வாய் பிளக்கிற மனமும் இழவைக் கண்டு உடைகிற மனமும் வேறு வேறு என்று நினைப்பது நாம் பின்னால் பழகிக்கொண்ட பழக்கம்.

தப்பித்தல் என்று ஒரு சொல்

உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். இந்த வகை நாவல்கள் மேல் இந்தக் குற்றச்சாட்டு பழையது. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். சிறையில் இருப்பவன் வெளியே போக ஆசைப்படுவதும் போர்க்களத்திலிருந்து வீரன் ஓடுவதும் ஒன்றல்ல, விமர்சகர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்பது அவர் வாதம். எனக்கு இந்த வாதம் பிடிக்கும். ஆனால் அதை வைத்து உங்களுக்கு முழு விடுதலை எழுதிக் கொடுக்கப் போவதில்லை, ஏனென்றால் நீங்கள் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்கிறீர்கள்.

எண்டேயின் நாவலிலேயே இதற்கு எச்சரிக்கை இருக்கிறது. (முடிவைச் சொல்லப் போகிறேன். படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) தாயை இழந்த பாஸ்டியன் என்ற இன்னொரு பையன், தான் படிக்கும் புத்தகத்துக்குள் போய்விடுகிறான். அங்கே அவன் விரும்பியது எல்லாம் நடக்கும், ஆனால் ஒவ்வொரு விருப்பத்துக்கும் தன் உலகத்து நினைவு ஒன்று கழிந்துகொண்டே வரும். நினைவெல்லாம் தீர்ந்து, திரும்பும் வழி தெரியாமல் போனவர்கள் ஒரு நகரத்தில் கூடிக் கிடக்கிறார்கள். எழுத்துப் பொறித்த பகடைகளை உருட்டி உருட்டி விளையாடுகிறார்கள், என்றாவது அதில் ஒரு கதை விழும் என்று. பாஸ்டியன் தப்பித்து வீடு திரும்புகிறான். அப்பாவுக்கென்று வாழ்வின் நீரைக் கொண்டுவர நினைத்தவன், வருகிற அவசரத்தில் அதைக் கொட்டிவிடுகிறான். மனைவி இறந்ததிலிருந்து உறைந்து போயிருந்த அப்பா, மகன் சொன்னதைக் கேட்டுக் கண் கலங்குகிறார். அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் நீர் வந்து சேர்ந்துவிட்டது என்று பையனுக்குப் புரிகிறது.

அதனால் நான் கேட்கும் கேள்வி, புத்தகத்தை மூடியதும் என்ன செய்கிறீர்கள் என்பது. உங்கள் கடிதத்தில் இதற்கு இரண்டு பதில் இருக்கிறது. ஒன்று, நோட்டில் எழுதுகிறீர்கள். அது திரும்பி வருபவர் செய்கிற வேலை. இன்னொன்று, அம்மாவின் அறைப் பக்கம் கால் போனால் உடனே அடுத்த புத்தகத்தை எடுக்கிறீர்கள். பதினான்கு மாதமாக அந்த அறை பூட்டியே கிடக்கிறது. இங்கேதான் பகடை உருளும் சத்தம் எனக்குக் கேட்கிறது.

கணவர் சொன்ன இன்னொரு வாக்கியத்தை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: “47 புத்தகம் படித்தாய், என்னோடு உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசினாயா?” இது உங்கள் ரசனையைப் பற்றிய பேச்சு இல்லை, சகோதரி. ‘சின்னப் பிள்ளைக் கதை’ என்று அவர் சொல்வதை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடினால், அவர் உங்களைத் தேடுகிறார் என்பது தவறிப்போகும். நான்கு வருடம் அம்மாவிடம் இருந்தீர்கள், ஒரு வருடம் புத்தகத்தில். அவர் கணக்கில் அது ஐந்து வருடம். பழிக்காக இதைச் சொல்லவில்லை. அவர் கேலி செய்வதும் சரியில்லை, அதை அவரிடம் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் சொல்லும்போது புத்தகங்களுக்காக வாதாட வேண்டாம். “அம்மாவுக்கு என்னால் அழ முடியவில்லை, அதனால்தான் படிக்கிறேன்” என்று ஒரே ஒரு முறை சொல்லிப் பாருங்கள். கடிதம் முழுக்க எனக்குச் சொன்ன இதை அவரிடம் சொன்னதாக எங்கேயும் இல்லை.

அடித்த வரி

இதைத் தொடலாமா என்று யோசித்தேன். நான்காம் பக்கத்தில் ஒரு வரியை எழுதிவிட்டு அடித்திருக்கிறீர்கள். நீல மையில் எழுதி அதே நீல மையால் அடித்ததால் படிக்க முடிந்தது, மன்னியுங்கள். “சீக்கிரம் முடிந்துவிடாதா என்று ஒரு நாள்” என்று ஆரம்பிக்கிறது அது.

உங்கள் பட்டியலில் எட்டாவதாக பேட்ரிக் நெஸ் எழுதிய ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ இருக்கிறது. மற்ற ஒன்பதுக்கும் குறிப்பு எழுதிய நீங்கள், இதற்கு நேராக ஒரு புள்ளி மட்டும் வைத்திருக்கிறீர்கள். 2011இல் வந்த நாவல். அதன் கருவை முதலில் யோசித்தவர் ஷிவோன் டௌட் என்ற எழுத்தாளர். மார்பகப் புற்றுநோயால் 2007இல் அவர் இறந்துவிட, கதாபாத்திரங்களும் தொடக்கமும் மிச்சமிருந்ததை நெஸ் எடுத்து எழுதினார். அம்மா புற்றுநோயில் கிடக்கும் ஒரு பதிமூன்று வயதுப் பையனிடம் இரவில் ஒரு மரம் பூதமாக எழுந்து வருகிறது. மூன்று கதை சொல்லுகிறது. நான்காவதை நீ சொல், அது உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது. பையன் சொல்ல மறுக்கும் உண்மை நீங்கள் அடித்த வரிதான். அம்மா போகக் கூடாது என்று அவன் எவ்வளவு வேண்டினானோ, இது முடிந்து தொலையட்டும் என்றும் அவ்வளவு வேண்டினான். அதனால்தான் அம்மா போகிறாள் என்று நம்புகிறான்.

பூதம் அவனுக்குச் சொல்லும் பதிலின் சாரம் இது: மனசு ஒரே நாளில் நூறு முறை தனக்கே முரணாக நினைக்கும், உன் வாழ்க்கையை நினைப்பால் எழுதவில்லை, செய்கையால் எழுதுகிறாய். இதைவிடச் சிறப்பாக என் தொழிலில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நெடுங்காலம் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களில் இந்த நினைப்பு வராதவரை நான் சந்தித்ததும் இல்லை. வந்ததாக ஒத்துக்கொள்ள சிலருக்கு இரண்டாவது சந்திப்பு ஆகும், சிலருக்கு பத்தாவது. உங்கள் ஆசை அவரைக் கொல்லவில்லை. அந்த நினைப்பு வந்த மறுநாளும் நீங்கள் அவரைத் திருப்பிப் படுக்க வைத்தீர்கள்.

ஐந்து நிலைகளும், கவலைப்பட வேண்டியவையும்

துக்கத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து நிலைகள் உண்டு, அதில் ஒன்றுகூட எனக்கு வரவில்லை, ஆகவே எனக்கு ஏதோ கோளாறு என்கிறீர்கள். இந்த ஐந்தை எழுதியவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர், 1969இல். அவர் பேசியது இறந்துகொண்டிருந்த நோயாளிகளோடு. பின்னால் அது இழந்தவர்களுக்கும் பொதுவாக்கப்பட்டு, பேருந்து நிறுத்தங்கள் மாதிரி வரிசையாக வந்தே தீரும் என்று பரவிவிட்டது. அப்படி ஒரு வரிசை கிடையாது. இன்று எங்களுக்கு அதிகம் பயன்படுவது, மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் முன்வைத்த ஊசல் விளக்கம். இழந்தவர் சில நேரம் இழப்பின் பக்கம் போவார், சில நேரம் அதை விட்டு அன்றாடத்தின் பக்கம் போவார், இப்படி மாறி மாறி ஆடுவதே ஆறும் வழி. துக்கத்திலிருந்து விடுப்பு எடுப்பது அந்த ஆட்டத்தில் பாதி. ஊசல் ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் நாங்கள் கவலைப்படுவோம்.

நீடித்த துக்கம் என்பது இப்போது மருத்துவ வகைப்பாட்டில் இருக்கிறது. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு குறைந்தது 6 மாதம் என்கிறது. அதே ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்ட அமெரிக்க மனநலக் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. உங்களுக்குப் பதினான்கு மாதம். ஆனால் நாட்காட்டியை மட்டும் வைத்து யாரையும் நோயாளி ஆக்குவதில்லை. நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், மகளோடு சிரிக்கிறீர்கள், நோட்டு எழுதுகிறீர்கள். நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன், ஆனாலும் மூன்று விஷயங்களுக்காக நீங்கள் ஒரு மனநல நிபுணரை நேரில் பார்ப்பது நல்லது.

தூக்கம்: நான்கு மணி நேரம் போதாது. ஓராண்டு இப்படிப் போனால் துக்கம் எது, தூக்கமின்மை எது என்று உங்களாலேயே பிரிக்க முடியாது. இரவு பதினொன்றுக்குப் புத்தகம் மூடட்டும். அத்தியாயத்தின் நடுவில் மூடுங்கள், முடிவில் மூட முயன்றால் அது நடக்காது. எனக்கு அனுபவம் உண்டு.

அறை: திறக்க வேண்டும், ஒரே நாளில் காலி செய்ய அல்ல. முதல் முறை மகளை அழைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும். வேண்டுமானால் கையில் ஒரு நாவலோடு போங்கள், அங்கே இரண்டு பக்கம் வாசியுங்கள்.

மரத்துப் போன உணர்வு: குதிரைக்கு அழுத அந்த இரவுக்குப் பின் மறுபடி எதற்கும் அழவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நிபுணரிடம் அப்படியே சொல்லுங்கள். அம்மாவோடு நாமும் போயிருக்கலாம் என்ற மாதிரி எண்ணம் எப்போதாவது தலை காட்டினால், சந்திப்பு நாள் வரை காத்திருக்காமல் அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

இனி அந்தப் பட்டியல்

கடைசிக்கு வைத்திருந்தேன், எனக்கும் பிடித்த விஷயம் என்பதால்.

நீங்கள் முதலிடம் கொடுத்திருப்பது சுசானா கிளார்க்கின் ‘பிரனேசி’. பக்கத்தில் எழுதியிருப்பது: “மிகச் சிறந்த நாவல். விருது பெற்றது.” உண்மைதான், 2021இல் பெண்களுக்கான புனைவுப் பரிசு பெற்றது. முடிவில்லாத மண்டபங்களும் சிலைகளும் உள்ளே புகும் கடலும், அங்கே தனியாக வாழ்ந்துகொண்டு அந்த வீட்டுக்கு நன்றி சொல்லும் ஒருவனும். என்னைக் கேட்டால் நானும் மேலே வைப்பேன். ஆனால் கேட்டது உங்களை. அதற்கு ஐந்து சொல் எழுதிய நீங்கள், ஒன்பதாம் இடத்தில் ஒளித்து வைத்த ‘ஹவுல்ஸ் மூவிங் காஸில்’ பற்றி மட்டும் ஒரு பக்கம் நிறைய எழுதி, ஓரத்திலும் நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கிறீர்கள். பிறகு “குழந்தைகள் நாவல், தவறாக நினைக்க வேண்டாம்” என்று ஒரு மன்னிப்பு வேறு. யாரிடம் மன்னிப்பு?

டயானா வின் ஜோன்ஸ் 1986இல் எழுதிய அந்த நாவலின் சோஃபி மூன்று பெண்களில் மூத்தவள். மூத்தவளுக்கு எதுவும் சரியாக அமையாது என்று தானே முடிவு கட்டிக்கொண்டு தொப்பிக் கடையில் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு சூனியக்காரி அவளைக் கிழவியாக்கிவிடுகிறாள். கிழவியானதும் அவளுக்கு வாய் திறக்கிறது, பயம் விலகுகிறது, அடுத்தவர் வீட்டைக்கூட அதட்டிச் சுத்தம் செய்கிறாள். மந்திரவாதி ஹவுல் அவளுக்குத் தெரியாமலே அந்தச் சாபத்தை எடுக்கப் பலமுறை முயல்கிறான், முடியவில்லை. அந்த வேஷம் அவளுக்கே பிடித்திருக்கிறது போல என்று விட்டுவிடுகிறான். உங்கள் குறிப்பில் இந்த இடத்துக்கு நேராக “ஐயோ” என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘ஐயோ’வை விளக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. மூத்தவள், பார்த்துக்கொள்பவள் என்ற உடுப்பு நான்கு வருடத்தில் உடம்போடு ஒட்டியிருக்கும். அது கனத்தது, ஆனால் அதைப் போட்டிருந்தபோது நீங்கள் யார் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. தங்கை, தம்பி மேல் உள்ள கோபத்தையும் ஒருநாள் பேச வேண்டியிருக்கும். இந்தக் கடிதத்தில் அவர்களுக்கு இரண்டே வரி கொடுத்திருக்கிறீர்கள். இரண்டும் சூடானவை.

பட்டியலுக்கு என் யோசனை: ஒன்று இரண்டு மூன்று என்று எண் போடாதீர்கள். நோட்டைப் புரட்டி, உங்கள் கையெழுத்து எங்கே கோணலாக ஓடியிருக்கிறது, எங்கே ஓரம் வரை போயிருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பக்கங்களின் புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறுதான் தேறினால் ஆறு கொடுங்கள், குழு ஒன்றும் சொல்லாது. சிறந்தவை எவை என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், உங்களிடம் கேட்டது பிடித்தவை. குறிப்பில் கதைச் சுருக்கம் எழுத வேண்டாம், எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். குதிரை இருக்கட்டும். அம்மாவைப் பற்றிக் குழுவில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். புள்ளி வைத்த புத்தகத்தை இந்த ஆண்டுப் பட்டியலில் சேர்க்காமல் விட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

பன்னிரண்டு வயது மகள் அந்த மரப் பூதம் நாவலைப் படிக்கலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். படிக்கலாம். அவளுக்கும் பாட்டி போயிருக்கிறாள், வீட்டில் யாரும் அதைப் பேசாமல் இருப்பதையும் அவள் பதினான்கு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தனியாகக் கொடுக்காமல் இருவரும் சேர்ந்து வாசியுங்கள், கடைசி மூன்று அத்தியாயங்களை வாய்விட்டு. உங்கள் குரல் உடைந்தால் உடையட்டும், மிச்சத்தை அவள் வாசிப்பாள்.

தலைவலிக்கு வருகிறேன். உங்கள் வயதில் பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது எல்லோருக்கும் நடப்பது. அம்மாவின் கண்ணுக்குப் போட்ட பவர் உங்கள் கண்ணுக்குப் பொருந்தாது. கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கண்ணாடிக்காரரிடம் அந்தப் பழைய ஃபிரேமையே கொடுத்து, உங்கள் பவரில் லென்ஸ் மட்டும் மாற்றித் தரச் சொல்லலாம். காது பக்கம் கொஞ்சம் தளர்ந்திருக்கும், இறுக்கித் தருவார்கள்.